புதுச்சேரியில் கண்டவை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மேடையேறிப் பேசிப் பழக்கமில்லாதவன் நான். ரயில்வே நிலையத்தில் சீட்டு வழங்கும் சாளரத்துக்கு உட்புறம் அமர்ந்து, வெளியே நிற்பவர் கேட்கும் ஊருக்குச் சீட்டுக் கொடுப்பதே என் தொழில். எத்தனையோ ஊர்களுக்குச் சீட்டுக் கொடுத்திருக்கிறேன்; போய்ப் பார்த்த ஊர்கள் சிலவே. எனவே செயலாளர் அவர்கள், "பார்த்த ஊர் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள்" என்று பணித்தபோது, சென்ற ஓணம் விடுமுறையில் மனைவி மக்களுடன் மூன்று நாள் தங்கிவந்த புதுச்சேரியையே எடுத்துக்கொண்டேன்.

கேரளத்தில் வாழும் நமக்குப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் புதியதன்று. மங்களூர் வண்டியில் செல்வோர் தலச்சேரிக்கும் வடகரைக்கும் இடையே மாஹி என்னும் சிறு நிலையத்தைக் கடந்திருப்பீர்கள். 1954ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய அம் மாஹி, இன்றும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்ததே. மலையாளம் பேசும் அவ்வூருக்குத் தலைநகரம், தமிழ் பேசும் புதுச்சேரி. இது ஒன்றே அந்நகரைப் பார்த்துவர வேண்டுமென்ற ஆவலை எனக்கு உண்டாக்கிற்று.

மாலையில் இங்கே அனந்தபுரி விரைவு வண்டி ஏறினால் அதிகாலையில் விழுப்புரம் சேரலாம். அங்கிருந்து புதுச்சேரிக்குக் கிளைப்பாதை, முப்பத்தெட்டு கிலோமீட்டர். தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் 1879இல் திறந்த பாதை அது. வழியில் வில்லியனூர் வருகிறது. இறங்கத் தக்க ஊர். சோழர் காலத் திருக்கோயிலாகிய திருக்காமீசுவரர் ஆலயம் அங்கே உள்ளது. அதன் தேரோட்டத்தில் பிரெஞ்சுக் கவர்னர் வடம் பிடிப்பது அக்காலத்து வழக்கம். இன்று துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். ஆட்சி மாறியும் வடம் மாறவில்லை. அதே ஊரில் லூர்து மாதாவின் திருத்தலமும் 1877 முதல் விளங்கி வருகிறது.

புதுச்சேரி நிலையத்தில் இறங்கியதும், சற்றுத் தொலைவில் திரு இருதய ஆண்டவர் ஆலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் தோன்றுகின்றன. கூரிய வளைவுகளும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் உடைய அவ்வாலயம் 1907இல் அபிடேகம் செய்யப்பெற்றது. அங்கிருந்து நகருள் நுழைந்தால் தெருக்கள் எல்லாம் கோடு போட்டாற்போல் நேராக ஓடி, குறுக்குத் தெருக்களைச் செங்கோணத்தில் வெட்டுகின்றன. நடுவே வடக்கு தெற்காக ஒரு கால்வாய். கிழக்கே கடலை அடுத்து வாழ்ந்தவர் வெள்ளையர். மேற்கே வாழ்ந்தவர் தமிழர். கால்வாயின் மேல் பாலங்கள் இருந்தன. ஆயினும் இரண்டும் இரண்டு நகரங்களாகவே இருந்தன.

இந்நகரம் ஒரு முறை முற்றும் அழிந்து, மறுபடியும் எழுந்தது என்பதைச் சிறுவர்கள் நினைவில் வைக்க வேண்டும். 1674இல் பிரான்சுவா மர்த்தேன் என்பவர் இங்கே பிரெஞ்சு வாணிகத் தலத்தை நிலைபெறச் செய்தார். 1693இல் டச்சுக்காரர் பிடித்தனர்; 1699இல் திருப்பித் தந்தனர். 1742 முதல் 1754 வரை கவர்னராயிருந்த டூப்ளே தென்னாட்டையே தம் கைக்குள் கொண்டுவர எண்ணினார். அவர் காலத்துப் போட்டியின் முடிவு, 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் நகரைப் பிடித்துக் கோட்டையையும் மாளிகைகளையும் தரைமட்டமாக்கியது. 1765இல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்து, பழைய அடித்தளங்களின் மேலேயே மீண்டும் கட்டினர். நாம் இன்று காணும் வெள்ளைச் சுவர்களும், உயர்ந்த வாயில்களும், சுவருக்கு மேல் எட்டிப் பார்க்கும் காகிதப்பூக் கொடிகளும் அந்த மறுபிறவிக்கு உரியவை.

கடற்கரைச் சாலைக்கு வருவோம். தெற்குக் கோடியில் டூப்ளேயின் சிலை நிற்கிறது; 1870இல் நிறுவியது. நடுவே காந்தியடிகளின் பெருஞ்சிலை. அதனைச் சூழ நிற்கும் வேலைப்பாடமைந்த கல்தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பெற்றவை. அருகில் 1836இல் ஒளியேற்றிய பழைய கலங்கரை விளக்கம். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர் நீத்த இந்நாட்டு வீரர்களுக்கு 1938இல் எழுப்பிய நினைவுச் சின்னமும் அச்சாலையிலேயே உள்ளது. ஆண்டுதோறும் ஜூலை 14ஆம் நாளையொட்டி அங்கே விளக்கொளி செய்கிறார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் பணியாற்றி ஓய்வூதியம் பெறும் தமிழர்களைச் 'சொல்தா' என்றே ஊரார் அழைக்கின்றனர். 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் வழிவந்தோர் இன்றும் பிரெஞ்சுத் தேர்தலில் வாக்களிக்கின்றனர்.

அச்சாலையில் உள்ள மேரி என்னும் நகரமன்றக் கட்டடத்தைக் குறித்து ஒரு வார்த்தை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய அது, பராமரிப்பின்றிக் கிடந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பின்னர்ப் பழைய உருவிலேயே திரும்பக் கட்டி 2021இல் திறந்தனர். இன்று புதிதாகப் பார்ப்பவருக்கு அது விழுந்து எழுந்தது என்பதே தெரியாது. கடலுள் நீண்டிருந்த பழைய துறைமுகப் பாலமோ 2022 மார்ச்சில் ஒரு பகுதி சரிந்து வீழ்ந்தது. காப்பாற்றினால் இருக்கும், கைவிட்டால் விழும். கட்டடத்துக்கு மட்டுந்தானா இது என்று அங்கே நின்றபோது தோன்றிற்று. அந்த எண்ணத்துக்குப் பிறகு வருகிறேன்.

கடற்கரையை விட்டுச் சற்று உட்புறம் வந்தால் பாரதி பூங்கா. அதன் நடுவில் வெண்மையான ஒரு மண்டபம். பார்வைக்கு ஐரோப்பியத் தோரண வாயில் போன்றது. ஆயின் அதன் பெயர் ஆயி மண்டபம். ஆயி என்பாள் ஓர் ஆடல் மகள். கிருஷ்ணதேவராயர் இவ்வழி வந்தபோது விளக்கொளி வீசிய அவள் மாளிகையைக் கோயில் என்று கருதிக் கைகூப்பினார் என்றும், உண்மை அறிந்ததும் சினந்து அதனை இடிக்கக் கட்டளையிட்டார் என்றும், அவள் தானே அதனை இடித்துவிட்டு அவ்விடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்டினாள் என்றும் கதை வழங்குகிறது. அக்குளம் முத்திரையர்பாளையத்தில் உள்ளது. பல நூற்றாண்டுகளுக்குப் பின், மூன்றாம் நெப்போலியன் காலத்தில், நல்ல குடிநீரின்றி வருந்திய நகருக்கு அங்கிருந்தே நீர் கொண்டுவந்தனர். அதன் நினைவாகவே மண்டபம் எழுந்தது. இன்று புதுச்சேரி அரசின் முத்திரையில் விளங்குவதும் இந்த மண்டபமே. கவர்னர்களும் தளபதிகளும் எத்தனையோ பேர் இருக்க, தண்ணீர் கொடுத்த ஒருத்தியின் பெயரைத் தாங்கிய மண்டபத்தையே அவ்வூர் தன் முத்திரையில் வைத்துக்கொண்டது.

தமிழர் வாழ்ந்த மேற்குப் பகுதிக்குப் போவோம். 1908இல் ஆங்கில ஆட்சியின் பிடிக்குத் தப்பிப் பாரதியார் இங்கே வந்தார், பத்தாண்டுகள் தங்கினார். பாஞ்சாலி சபதமும், கண்ணன் பாட்டும், குயில் பாட்டும் இந்நகரில் பிறந்தவை. ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த இல்லம் நினைவகமாக உள்ளது. 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்தனர். 1926இல் உருவான அரவிந்த ஆசிரமமும், 1968 பிப்ரவரி 28ஆம் நாள் பல நாட்டு மண்ணை ஒன்றுசேர்த்துத் தொடங்கிய ஆரோவில்லும் உலகத்தாரை இன்றும் இங்கே ஈர்க்கின்றன.

பெருமாள் கோயில் தெருவில் பாவேந்தர் பாரதிதாசன் வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக விளங்குகிறது. 1891இல் இந்நகரில் பிறந்த கனகசுப்புரத்தினம், 1909 முதல் பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் தமிழாசிரியராகப் பணிசெய்தவர். சம்பளம் கொடுத்தது பிரெஞ்சு அரசு. அவர் கற்பித்ததும் எழுதியதும் தமிழ்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அது ரங்கப்பிள்ளை வீதியில் உள்ள ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. கீழ்த்தளத்தில் நம் ஊர் முறையில் மரத்தூண்கள். மேல்தளத்தில் ஐரோப்பிய முறையில் கட்டுத்தூண்கள். இரண்டு முறையும் ஒரே வீட்டில் சண்டையின்றி நிற்கின்றன. 1709இல் பிறந்த பிள்ளையவர்கள் டூப்ளேயின் துபாஷி. கவர்னருக்கும் நாட்டு மக்களுக்கும் வணிகருக்கும் நவாபுகளுக்கும் நடுவே நின்று பேசுவதும், கணக்குப் பார்ப்பதும், கடிதம் எழுதுவதும் அவர் வேலை. பகலெல்லாம் அவர் செய்தது வேற்று மொழிக்காரருடைய வேலை. ஆயினும் 1736 செப்டம்பர் முதல் 1761 ஜனவரியில் தாம் மறையும் காலம் வரை, நாள் கிழமை குறித்து, அன்றன்று கண்டதையும் கேட்டதையும் தமிழில் எழுதி வைத்தார். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, கவர்னர் யாரைக் கடிந்தார், ஊரார் என்ன பேசிக்கொண்டனர் என்பனவெல்லாம் அதில் உண்டு. 1748இல் நகரின் ஈசுவரன் கோயில் இடிக்கப்பட்டதையும், அன்று ஊரார் பட்ட துயரையும் அதில் காண்கிறோம். அவர் மறைந்த சில நாட்களில் நகரமும் வீழ்ந்தது.

டூப்ளேயின் கோட்டை இன்று இல்லை. அக்காலத்துக் கவர்னர் மாளிகையும் இல்லை. ஒரு குமாஸ்தா வீட்டில் உட்கார்ந்து எழுதிய குறிப்பேடு இருக்கிறது! 1846இல் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதனை அக்குடும்பத்தில் கண்டு வெளிக்கொணர்ந்தார். பின்னர்ச் சென்னை அரசு அதனை ஆங்கிலத்தில் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. அக்காலத் தென்னாட்டு வரலாற்றை எழுதுகிற எவரும் அதனைப் பாராமல் எழுத இயலாது. துபாஷியைக் குமாஸ்தா என்றது தகுமா என்று கேட்பீர்கள். அவர் பெருஞ்செல்வர்; நான் அவ்வாறல்லன். ஆயினும் பேரேட்டைப் பார்த்தே கண் மங்கிய எனக்கு, அந்த வீட்டின் முன் நின்றபோது நம் இனத்தார் ஒருவர் என்றே தோன்றிற்று.

அந்த வீதியிலேயே எனக்கு ஒரு தலைகுனிவும் நேர்ந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியின் பழைய தெருக்களில் நீல நிறப் பலகையில் வெள்ளை எழுத்தால் பிரெஞ்சிலும் தமிழிலும் பெயர் எழுதியிருப்பார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பிரெஞ்சுப் பெயரை ஆங்கில எழுத்தென்று கூட்டிப் படித்துவிட்டாள். அதனடியில் விரலை வைத்து, "அப்பா, இது என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். தமிழ் எழுத்து அது. மலையாளம் படிப்பாள், ஆங்கிலம் படிப்பாள், இந்தி படிப்பாள். வீட்டில் தமிழ் பேசுவாள். படிக்கத் தெரியாது. பக்கத்தில் நின்ற கடைக்காரர், "பாப்பாவுக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். திருவனந்தபுரம் என்றேன். "அப்படியா, சரி" என்று அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை.

பிழை பள்ளியினது அன்று, என்னுடையதே. மாற்றுப்பணி, இரவுப்பணி என்று சாக்குச் சொல்லி, எழுத்தைக் கற்பிக்கும் வேலையை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். நாள்கள் ஆண்டுகளாயின. மேரிக் கட்டடமும் ஒரு நாளில் விழவில்லை அல்லவா?

மறுநாள் நகருக்கு வெளியே உள்ள இடங்களைப் பார்த்தோம். தெற்கே நான்கு கிலோமீட்டரில், ஆற்றங்கரையில் அரிக்கமேடு. தோப்புக்கு நடுவே பாழடைந்த செங்கற் சுவர் இரண்டு நிற்கின்றன. அவை பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரிமார் கட்டடத்தின் எச்சம். பெருமை மண்ணுக்கு அடியில் உள்ளது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது ரோமாபுரியின் மதுச் சாடிகளும், இத்தாலியில் வனைந்த செந்நிற மட்கலங்களும் கிடைத்தன. மணிகள் செய்த இடமும் அதுவே. அங்கே கிடைத்த ஓட்டுச் சில்லுகளில் பழைய பிராமி எழுத்தில் தமிழ்ப் பெயர்கள் கீறப்பட்டுள்ளன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், யவனர் கப்பல் நின்ற துறையில், தன் பானை மேல் தன் பெயரைத் தன் மொழியில் கீறி வைத்தவன் ஒருவன் இருந்தான்.

அதற்கும் தெற்கே பாகூர். பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், அங்கிருந்த கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன. அவ்வூரில் கிடைத்த செப்பேடு இதனைச் சொல்கிறது. மேற்கே கீழூர். 1954 அக்டோபர் 18ஆம் நாள் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி வாக்களித்தனர். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றனர். நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறிற்று. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16இல் நிறைவேறியது. இந்த இணைப்புக்கு முன்னே நடந்த போராட்டங்களில் ஒன்றையும் மறக்கலாகாது. 1936 ஜூலை 30ஆம் நாள் ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்கு இரையாயினர். எட்டு மணி நேர வேலை அடுத்த ஆண்டில் அங்கே சட்டமானது. தெருக்களின் அழகைக் கண்டு மயங்கும் நாம் இதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

திரும்புமுன் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வாயிலையும் பார்த்து வந்தோம். 1955இல் தொடங்கிய அந்நிறுவனம் சைவ சித்தாந்த ஓலைச் சுவடிகளை ஆயிரக்கணக்கில் திரட்டிக் காத்து வருகிறது. 2005இல் யுனெஸ்கோ அத்தொகுப்பை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. நம் வீடுகளின் பரணில் செல்லரித்துப் போயிருக்கக்கூடிய ஏடுகளைத் தேடிச் சேர்த்ததில் கடல் கடந்து வந்த அறிஞர்க்கும் பங்குண்டு. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வோம். வெட்கப்பட வேண்டிய இடத்தில் வெட்கமும் படுவோம்.

அன்பர்களே, இத்தனையும் எதற்குச் சொன்னேன்? நாமும் வேற்று மொழி வழங்கும் ஊரில் வந்து குடியேறியவர்கள். இவ்வூர் நமக்குச் சோறு தருகிறது. அண்டை வீட்டார் அன்பு காட்டுகிறார்கள். மலையாளமும் நமக்கு உறவு மொழியே. நம் பிள்ளைகள் அதை நன்றாகக் கற்கட்டும். ஆயின் தமிழை அதற்கு விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை. இந்த நகரத்திலேயே அதற்குச் சான்று உண்டு. 1891இல் மனோன்மணீயம் வெளியிட்ட சுந்தரம் பிள்ளை இங்கே மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். நகுலன் இங்கே கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். நீல. பத்மநாபன் இங்கே மின்வாரியத்தில் பொறியாளராயிருந்தவர். மூவருக்கும் உத்தியோகம் வேறு, எழுதியது தமிழ். ஆனந்தரங்கப் பிள்ளையின் வழி அதுதான்.

நாம் பெரிய நூல்கள் எழுத வேண்டாம். நம்மால் இயன்றதைச் செய்வோம். சென்ற மாதம் வரவு செலவு சரிபார்ப்பதற்காகச் சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பேடுகளை எடுத்துப் புரட்டினேன். பழைய ஏடுகள் முழுவதும் அழகிய தமிழ்க் கையெழுத்தில் உள்ளன. அண்மை ஆண்டுகளின் ஏடுகள் ஆங்கிலத்தில் உள்ளன. யாரையும் குறை கூறவில்லை. அவற்றில் சில பக்கங்கள் என் கையெழுத்தே! வசதி என்று தொடங்கினோம், வழக்கமாகிவிட்டது. இந்த ஆண்டு முதல் அக்குறிப்பேட்டை மீண்டும் தமிழில் எழுத வேண்டும் என்று இவ்வவையின் முன் வேண்டிக்கொள்கிறேன். வேறு யாருக்கும் நேரமில்லையாயின் நானே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்புங்கள். வகுப்பில் சேரும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பேடு கொடுப்போம். நாளுக்கு நான்கு வரி, அன்று கண்டதைத் தமிழில் எழுதட்டும். அடுத்த விடுமுறையில் அவர்களை எல்லாம் புதுச்சேரிக்கு அழைத்துச் செல்வோம். குழுவாகச் சீட்டு எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது.

திரும்பி வரும் வண்டியில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். விடிந்தபோது வண்டி திருநெல்வேலியைக் கடந்திருந்தது. நிலையப் பலகைகளில் தமிழ் பெரிதாக எழுதியிருக்கும் அல்லவா? ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தைக் காட்டிச் சொல்லிக் கொடுத்தேன். வள்ளியூரை நான்கு முறை தடுக்கி, ஐந்தாம் முறை முழுதும் படித்தாள். நாகர்கோவிலில் 'கோ' தெரிந்தது. குழித்துறையில் 'ழி' பிடிபடவில்லை. அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. வீடு வந்து சேர்ந்த அன்று இரவு, பழைய பயணச்சீட்டின் பின்புறத்தில் பத்து முறை 'குழித்துறை' என்று எழுதி என்னிடம் நீட்டினாள். அதில் ஏழு சரியாக இருந்தன. மீதி மூன்றையும் திருத்தும் வேலை எனக்கு இருக்கிறது. உங்கள் வீட்டிலும் அவ்வேலை இருக்குமாயின் இன்றே தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.